எண்ணூருக்கு மேலே தினமும் போகும் ஒரு வயசான சாட்டிலைட்டும் நம்ம நுரையீரலும்

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

குளிர்காலம் வந்தா வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுத்த ஆரம்பிக்கும். தமிழ்நாட்டு வரைபடம். சென்னைக்கு வடக்கே ஒரு சிவப்புத் திட்டு, கீழே நெய்வேலி பக்கம் இன்னொண்ணு. "நாசா வெளியிட்ட அதிர்ச்சிப் படம், உடனே பகிரவும்" என்று ஒரு வரி.

திருவொற்றியூர், எர்ணாவூர், தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் போனை நீட்டி, "டாக்டர், இது நிஜமா? குழந்தைக்கு வீசிங் இதனாலதானா? வீட்டைக் காலி பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள்.

படம் பெரும்பாலும் நிஜம்தான். ஆனா அது சொல்றதா நீங்க நினைக்கிறதை அது சொல்லவில்லை. அது நிஜமாகச் சொல்கிற விஷயம் இன்னும் பெரிசு. அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை.

முதல்ல, இந்தப் படத்தை எடுக்கிறது யார்?

இந்த மாதிரிப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே செயற்கைக்கோளின் பதிவிலிருந்து வருபவை. பெயர் ஆரா. 2004 ஜூலை 15 அன்று கலிஃபோர்னியாவிலிருந்து நாசா ஏவியது. எடை சுமார் 3 டன். 705 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுத்துது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 99 நிமிஷம். ஒரு நாளைக்கு 14, 15 சுற்று.

இதுக்குத் திட்டமிட்ட ஆயுள் வெறும் 5 வருடம். 20 வருடத்தைத் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. நம்ம ஊர்ல 58 வயசுல ரிட்டையர் ஆகி 85 வயசுலயும் தினமும் காசிமேட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கிட்டு வருகிற தாத்தாக்கள் இருப்பாங்க இல்லையா, அந்த ரகம்.

பூமத்திய ரேகையைப் பகல் 1:45 வாக்கில் கடக்கிற மாதிரி அதன் பாதையை அமைத்தார்கள். உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் அந்த ஊரின் மதிய நேரத்தில்தான் மேலே வரும். நம்ம எண்ணூருக்கும் அப்படித்தான். இந்த மதிய நேரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆரா ஏறும்போது நாலு கருவிகள் இருந்தன. ஒவ்வொண்ணா கேஸ் ஷீட் பார்ப்போம்.

முதல் கருவி ஹெர்டில்ஸ். பிறவிக் குறைபாடு. ஏவும்போதே உள்ளே ஒரு பிளாஸ்டிக் படலம் கிழிஞ்சு வந்து பார்வைத் துளையில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை மறைச்சுடுச்சு. மிச்சம் 20 சதவீதத்தை வச்சு, கணக்குப் போட்டுத் திருத்தி, 2008 மார்ச் வரை தகவல் வாங்கினார்கள். அப்புறம் உள்ளே சுழலும் பாகம் நின்னுடுச்சு. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளர்கள் மேல மரியாதை வரும்.

ரெண்டாவது டெஸ். அகச்சிவப்புக் கதிரில் பார்ப்பது. நிலத்துக்கு அருகே இருக்கும் அம்மோனியாவை விண்வெளியிலிருந்து அளக்க முடியும் என்று முதலில் காட்டிய கருவிகளில் ஒன்று. நகரும் கை அடிக்கடி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. மூட்டுத் தேய்மானம்னு வச்சுக்கோங்களேன். 2018 ஜனவரியில் ஓய்வு கொடுத்துட்டாங்க. அம்மோனியா என்ற வார்த்தையைக் கேட்டதும் எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்திருக்கும். அதுக்கும் வருகிறேன்.

மூணாவது எம்.எல்.எஸ். வளிமண்டலத்தைப் பக்கவாட்டில் பார்த்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன், எவ்வளவு நீராவி, எவ்வளவு குளோரின் சேர்மங்கள் என்று அளக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 3,500 இடங்களில். 2022 ஜனவரியில் டோங்கா பக்கம் கடலடி எரிமலை வெடித்தது ஞாபகம் இருக்கா? அந்த ஒரே வெடிப்பு ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஏற்கெனவே இருந்த நீராவியில் 10 சதவீத அளவுக்குப் புது நீராவியை மேலே தள்ளியது என்று கண்டுபிடித்தது இந்தக் கருவிதான். இப்போ அதன் ஒரு பகுதியை மாசத்தில் சில நாள் மட்டும் ஓட்டுறாங்க. மிச்ச உயிரை நீட்டி வச்சுக்க.

நாலாவதுதான் நம்ம கதாநாயகி. பெயர் ஓமி. நெதர்லாந்தும் பின்லாந்தும் சேர்ந்து செய்து கொடுத்தது. சூரிய வெளிச்சம் பூமியில் பட்டுத் திரும்பும்போது அதைப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்க்கும். ஒவ்வொரு வாயுவும் அந்த ஒளியில் தனக்கென்று ஒரு கைரேகை வச்சிருக்கு. ஓசோனுக்கு ஒண்ணு, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு ஒண்ணு, சல்ஃபர் டை ஆக்சைடுக்கு ஒண்ணு.

ஓமியின் தினசரி வேலை எப்படி இருக்கும்? பகல் பக்கம் பறக்கும்போது பூமியைப் பார்க்கும். இரவுப் பக்கம் வந்தால் இருட்டை அளந்து தன் கருவியின் இரைச்சல் எவ்வளவுன்னு குறிச்சுக்கும். நாளுக்கு ஒரு தடவை சூரியனையே நேராகப் பார்த்து, "என் கண் நேத்து மாதிரியே இருக்கா?" என்று சரிபார்த்துக்கும். பி.பி. மிஷினை அப்பப்ப காலிபிரேட் பண்ணுங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிறேனே, அதே விஷயம். இங்கே தினமும், 20 வருடமா.

அதன் பலனாக இத்தனை வருடத்தில் அதன் ஒளியுணர்வு சில சதவீதம்தான் மங்கியிருக்கிறது. உங்க வீட்டு வாட்ச் கூட இவ்வளவு நாணயமா ஓடாது.

ஆனா ஒரு நோய் இருக்கு. 2007-லிருந்து ஓமிக்குப் பார்வைப் புலத்தில் ஒரு பகுதி தெரியவில்லை. அதன் பார்வை 60 வரிசைகளாகப் பிரிந்தது. முதலில் ரெண்டு வரிசை, பிறகு இன்னும் சில என்று பரவி, கணிசமான வரிசைகள் பயன்படாமல் போச்சு. கருவிக்கு வெளியே ஏதோ படலம் கழன்று வந்து மறைப்பதாகத்தான் நினைக்கிறார்கள். க்ளாக்கோமா வந்தவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வேலையை முடிப்பது போல, ஒரே நாளில் உலகம் முழுவதையும் பார்த்த ஓமி இப்போ ரெண்டு மூணு நாள் எடுத்துக்கிட்டுப் பார்க்குது.

இதுக்கு மேல எரிபொருள் விஷயம். செயற்கைக்கோள் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் போகணும்னா அப்பப்போ இன்ஜினைத் தட்டணும். குப்பைத் துண்டு எதிரே வந்தால் விலகணும். அந்த எரிபொருள் தீர்ந்துகொண்டு வந்ததால் 2023-ல் ஆரா, தன்கூட வரிசையாகப் பறந்த மற்ற செயற்கைக்கோள்களின் கூட்டத்தை விட்டு விலகிடுச்சு. இப்போ மதியம் கடக்கும் நேரம் மெல்லத் தள்ளிப்போகுது. சூரியத் தகடுக்கு வரும் வெயிலின் கோணமும் மாறுது. கதை முடியப் போகிற காலம்தான் இது.

சரி, இந்தக் கிழவிக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம்?

ஓமியின் ஒரு பிக்சல், நேர் கீழே பார்க்கும்போது, 13 கிலோமீட்டருக்கு 24 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு எவ்வளவு தூரம்? நேர்க்கோட்டில் 12 கிலோமீட்டர் மாதிரி. அப்போ ராயபுரம் மீன்பிடித் துறைமுகம், தண்டையார்பேட்டை, கொடுங்கையூர் குப்பைமேடு, மணலி சுத்திகரிப்பு ஆலை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாமே ஏறக்குறைய ஒரே புள்ளிக்குள் அடங்கிடும். அதில் எந்தப் புகைபோக்கி எவ்வளவு விட்டது என்று ஓமிக்குத் தெரியாது.

அதனால படத்தைப் பெரிசு பண்ணி "எங்க தெரு சிவப்புல இருக்கு டாக்டர்" என்பவர்களுக்கு என் பதில்: அந்தப் படத்துக்கு உங்க தெருவே தெரியாது.

அடுத்து, அது உங்க மூக்கு உயரத்தில் அளப்பதில்லை. தரையிலிருந்து வானம் வரைக்கும் ஒரு தூண் வச்சா அதுக்குள் மொத்தம் எவ்வளவு வாயு என்பதுதான் கணக்கு. 275 மீட்டர் புகைபோக்கியிலிருந்து மேலே போனதும் அதில் சேரும், ரோட்டில் நிக்கிற லாரி விட்டதும் சேரும்.

மூணாவது, அந்தச் சிவப்புத் திட்டு ஒரு நாள் படமில்லை. சல்ஃபர் டை ஆக்சைடு சிக்னல் ரொம்ப மெலிசு. நூற்றுக்கணக்கான நாட்களை அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் தெரியும். "நேத்து நாசா படம்" என்று வந்தால் அந்த ஃபார்வர்டை அங்கேயே நிறுத்துங்க.

அப்போ இதனால் என்னதான் பிரயோஜனம்?

இங்கேதான் விஷயம் இருக்கு.

2013-ல் ஓமியின் பதிவை வச்சு ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவில் அனல் மின் நிலையங்கள் உள்ள பகுதிகளின் மேல் சல்ஃபர் டை ஆக்சைடு 2005-லிருந்து 2012-க்குள் 60 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது என்றது. அதே காலகட்டத்தில் நம்ம நாட்டின் தரைக் கண்காணிப்பு நிலையங்களின் சராசரி என்ன சொன்னது தெரியுமா? குறைந்து வருகிறது என்று.

ரெண்டு பேருமே பொய் சொல்லலை. தரை நிலையங்கள் பெரும்பாலும் நகரத்துக்குள் இருந்தன. டீசலில் கந்தகம் குறைஞ்சதால் நகரக் காற்றில் அது குறைஞ்சது. மின் நிலையங்கள் பக்கம் போதிய கருவியே இல்லை. டார்ச் வெளிச்சம் அடிக்கிற இடத்தில் மட்டும் தேடிட்டு "திருடன் இல்லை" என்று சொன்ன மாதிரி.

2016-ல் உலகம் முழுக்க ஓமி பதிவை அலசினபோது, எந்த நாட்டு அரசுப் பட்டியலிலும் இல்லாத 39 பெரிய கந்தக மூலங்கள் வெளியே வந்தன. 2017-ல் இன்னொரு ஆய்வு. 2007-க்குப் பிறகு சீனா தன் சல்ஃபர் டை ஆக்சைடு வெளியேற்றத்தை 75 சதவீதம் குறைத்துவிட்டது, இந்தியா 50 சதவீதம் கூட்டியிருக்கிறது, சீனாவை முந்துகிறோம் என்றது. நிலக்கரி எரிப்பதை சீனா நிறுத்திடலை. மேலேயே எரிச்சாங்க. ஆனா புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியை மாட்டினாங்க. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகை மேல் தெளித்து கந்தகத்தை ஜிப்சமாக மாற்றுவது. ராக்கெட் சயின்ஸ் இல்லை, பல பத்தாண்டு பழைய தொழில்நுட்பம்.

இப்போ நம்ம ஊர் கணக்கு.

எண்ணூர்-அத்திப்பட்டு பக்கம் என்னவெல்லாம் ஓடுது? வட சென்னை அனல் மின் நிலையம் முதல் கட்டம் 630 மெகாவாட், ரெண்டாம் கட்டம் 1,200, வல்லூர் 1,500. 2024-ல் திறந்த மூன்றாம் கட்டம் 800. கூட்டிப் பாருங்க, 4,130. பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடியாச்சு. பக்கத்திலேயே மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரம், பெட்ரோ கெமிக்கல். மூணு துறைமுகம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை.

நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கந்தக உமிழ்வு வரம்பை மத்திய அரசு 2015 டிசம்பரில் கொண்டு வந்தது. கெடு 2017. அது 2022 ஆனது. பிறகு இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, கடைசியில் 2025 ஜூலையில் ஒரு அறிவிப்பு: நாட்டின் நிலக்கரி நிலையங்களில் முக்கால்வாசிக்கும் மேல் இந்தக் கருவியே மாட்ட வேண்டாம். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கும் தலைநகர்ப் பகுதிக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 டிசம்பருக்குள் கட்டாயம் மாட்டணும். நடுவில் ஒரு பிரிவு, அது ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு.

சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலமே திருவொற்றியூர் மண்டலம். கத்திவாக்கமும் எண்ணூரும் அதற்குள் வருது. ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு. நம்ம பக்கத்து நிலையங்களுக்கு 2027 கெடு பொருந்த வேண்டும் என்பதுதான் என் வாசிப்பு. இதை உங்க கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி.கிட்ட கேட்க வேண்டியது நீங்க.

விலக்குக்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது எது? "இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, நகரங்களில் அளந்த சல்ஃபர் டை ஆக்சைடு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கு."

ஒரு டாக்டரா இந்த ரெண்டாவது வாதத்தோட எனக்குச் சண்டை இருக்கு.

காலையில் வெறும் வயிற்று சுகர் மட்டும் பார்த்துட்டு "நார்மல், கிளம்புங்க" என்று அனுப்புவது மாதிரி இது. மூணு மாச சராசரியைப் பார்த்தீங்களா? சிறுநீரகத்தைப் பார்த்தீங்களா? சல்ஃபர் டை ஆக்சைடு காற்றில் சல்ஃபர் டை ஆக்சைடாகவே உட்கார்ந்திருக்காது. சில மணி நேரத்திலிருந்து ரெண்டு மூணு நாளுக்குள் அது சல்ஃபேட் துகளாக மாறிடும். அந்தத் துகள்தான் பி.எம்.2.5 கணக்கில் வருது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். வாயுவை அளந்தால் குறைவு. துகளை அளந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும், ஆனா அதன் மேல் "நான் அத்திப்பட்டுப் புகைபோக்கியிலிருந்து வந்தேன்" என்று லேபிள் இருக்காது.

அனுமதிக்கப்பட்ட அளவு என்றால் எது அனுமதி? 24 மணி நேர சராசரியில் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 40. பி.எம்.2.5 ஆண்டு சராசரிக்கு நம்ம வரம்பு 40, அவர்கள் சொல்வது 5. திருவொற்றியூர் குழந்தையோட நுரையீரல் எட்டு மடங்கு ஸ்ட்ராங்கா என்ன?

வாயு நேரடியாகச் செய்வதையும் சொல்லிடறேன். சாதாரணமாக மூக்கு வழியாக மூச்சு விட்டால் சல்ஃபர் டை ஆக்சைடில் பெரும்பகுதியை மூக்கின் ஈரச் சவ்வே உறிஞ்சிடும். ஓடும்போது, மாடி ஏறும்போது, மூக்கு அடைச்சிருக்கும்போது வாய் வழியாக மூச்சு விடுவோம். அப்போ நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும். ஆஸ்துமா இருப்பவருக்குச் சில நிமிஷத்தில் குழாய் சுருங்கி இழுப்பு வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 10 நிமிஷத்துக்கென்று தனி வரம்பு வச்சிருக்கு: 500 மைக்ரோகிராம். 24 மணி நேர சராசரி எடுத்தால் அந்த 10 நிமிஷம் காணாமல் போயிடும். விளையாட்டு பீரியடில் மட்டும் இருமும் பையனை "சும்மா நடிக்கிறான்" என்று திட்டாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

இப்போ மதியம் 1:45-க்கு வருவோம்.

ஓமி பார்ப்பது நடுப்பகலை. அந்த நேரத்தில் சென்னையில் பெரும்பாலும் கடற்காற்று உள்ளே வந்திருக்கும் அல்லது வந்துகொண்டிருக்கும். வெயிலில் காற்று மேலும் கீழும் கலந்து புகை விரிந்துவிடும். என் கிளினிக்கில் இழுப்போடு வருகிறவர்கள் எந்த நேரத்துக் கதையைச் சொல்றாங்க? விடியற்காலை மூணு, நாலு மணி. குளிர்காலத்தில் அந்த நேரத்தில் தரைக்கு அருகே குளிர்ந்த காற்று ஒரு மூடி போட்ட மாதிரி நிற்கும், கீழே விட்டது கீழேயே சுத்தும். ஆஸ்துமா ராத்திரி கூடுவதற்கு உடம்பின் காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் புகைபோக்கி மேல் போட மாட்டேன். ஆனா நாலு மணிக் காற்று எப்படி இருந்தது என்று சூரிய வெளிச்சத்தை நம்பும் செயற்கைக்கோளால் சொல்லவே முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடினால் மதியமும் தெரியாது.

2023 டிசம்பர் 26 ராத்திரி. மிக்ஜாம் புயல், வெள்ளம், ஆற்றில் எண்ணெய்ப் படலம் என்று எண்ணூர் ஏற்கெனவே நொந்து கிடந்த மாசம். கப்பலிலிருந்து உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னிரவில் அளந்தபோது, 400 மைக்ரோகிராம் வரம்புக்கு எதிரே 2,090 இருந்தது.

அந்த மக்களை எழுப்பியது எது? மூக்கு. கண் எரிச்சல். பக்கத்து வீட்டுக்காரரின் சத்தம். எந்த சைரனும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. அம்மோனியா பார்க்கத் தெரிந்த டெஸ் அதற்குக் கிட்டத்தட்ட ஆறு வருடம் முன்பே ஓய்வு வாங்கிடுச்சு. அது ஓடிக்கொண்டிருந்தாலும் இப்படிச் சில நிமிஷம், சில நூறு மீட்டர் நடக்கும் கசிவு அதன் கண்ணில் பட்டிருக்காது. இதுக்கெல்லாம் தரையில், குப்பத்து வாசலில், கருவி வேணும்.

தரையில் என்ன இருக்கு? மணலியிலும் ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கு, அது நல்ல விஷயம். கத்திவாக்கம், திருவொற்றியூரில் இருப்பது கையால் மாதிரி எடுக்கும் நிலையங்கள். விதிப்படி வாரம் ரெண்டு நாள், வருடத்துக்கு 104 நாள். மிச்சம் 261 நாள்? ஐ.சி.யூ. நோயாளிக்கு வாரம் ரெண்டு தடவை பல்ஸ் பார்த்து சார்ட் எழுதினால் என்னை விட்டுவைப்பீங்களா?

மணலியை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதி என்று பட்டியலில் போட்டாச்சு. நோயைக் கண்டுபிடிச்சு இத்தனை வருடம் ஆகியும், படுக்கை பக்கத்தில் மானிட்டர் வைக்க இவ்வளவு யோசனை.

"ஆரா போனால் நாம குருடாகிடுவோமா?" இல்லை. பயமுறுத்த மாட்டேன்.

ஐரோப்பாவின் ட்ரோபோமி 2017 அக்டோபரிலிருந்து மேலே இருக்கு. அதன் பிக்சல் 5.5-க்கு 3.5 கிலோமீட்டர், ஓமியைவிடப் பத்து மடங்குக்கு மேல் நுணுக்கம். மணலியையும் அத்திப்பட்டையும் அதனால் ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். ஆனா அதற்கும் திட்டமிட்ட 7 வருடம் முடிஞ்சாச்சு. 2025 ஆகஸ்டில் அதன் தங்கச்சியை மேலே அனுப்பியாச்சு, அது காலையில் கடக்கும். ஓமியும் ட்ரோபோமியும் பல வருடம் சேர்ந்து ஓடினதால் ரெண்டு பதிவையும் ஒட்டவைக்க முடியும். பழைய டாக்டர் ரிட்டையர் ஆகும் முன்பு புது டாக்டர் சேர்ந்து கேஸை வாங்கிக்கொண்ட மாதிரி. எம்.எல்.எஸ்.-க்கு அப்படி ஒரு வாரிசு இப்போதைக்கு இல்லை, அது ஓசோன் ஆராய்ச்சிக்காரர்களின் தனிக் கவலை.

என் ஆதங்கம் வேற. இந்தப் பட்டியலில் நம்ம பெயர் எங்கே?

1957-லிருந்து கொடைக்கானலில் ஓசோன் அளந்த ஊர் நம்ம ஊர். எண்ணூர்க் கடற்கரையில் நின்னா பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுவது வெறும் கண்ணுக்குத் தெரியும். வளிமண்டலத்துக்கென்று பிரான்ஸோடு சேர்ந்து மேகா-டிராபிக்ஸ் செய்து 2011 அக்டோபரில் அங்கிருந்துதான் அனுப்பினோம். அதுவும் இதே கதை. 3 வருடம் என்று போனது. மழை அளக்கும் முக்கியக் கருவி 2013-லேயே பழுது. மிச்சக் கருவிகளை வச்சு பத்து வருடம் போல் வேலை வாங்கினார்கள். அப்புறம் குப்பையாக அலைய விடாமல், மிச்ச எரிபொருளைக் கணக்காக எரிச்சு, 2023 மார்ச் 7-ல் பசிபிக் கடல் மேல் கொண்டுபோய் இறக்கினாங்க. அப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்படாத செயற்கைக்கோள் அது. இஸ்ரோவுக்கு சபாஷ் போட வேண்டிய வேலை.

இவ்வளவு செய்யத் தெரிந்தவர்கள், கந்தகத்தையும் நைட்ரஜனையும் பார்க்கும் ஒரு கண்ணை இந்தியாவுக்கு மேலே நிறுத்தலாமே? கொரியா 2020-ல் நிறுத்தியது, அமெரிக்கா 2023-ல், ஐரோப்பா 2025-ல். மூணும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு பகல் முழுக்க மணிக்கு மணி பார்க்கும். கொரியாவின் பார்வை கிழக்காசியாவை நோக்கியது, இந்தியா அதன் மேற்கு ஓரத்தில் வரும். நடுவில் 140 கோடி பேர் ஓரத்தில் நிக்கிறோம். நம்ம காற்றைப் பற்றி நமக்கே ஆதாரம் வேணும்னா நெதர்லாந்துக்காரர் செய்த கண்ணை நாசா பறக்கவிட்டு, அவர்கள் கொடுக்கும் தகவலை நாம டவுன்லோடு பண்ணணும்.

அதுக்கு முன்னாடி, செலவு குறைஞ்ச ஒண்ணு இருக்கு. பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர்ந்து அளக்கும் கருவி ஏற்கெனவே கட்டாயம். தகவல் வாரியத்துக்கு ஆன்லைனில் போகுது. அந்த எண்களை திருவொற்றியூர் மண்டல அலுவலக வாசலிலும் எண்ணூர் பஸ் நிலையத்திலும் தமிழில் ஒரு டிஜிட்டல் பலகையில் ஓடவிட என்ன தடை? தங்கம் விலை ஓடுது, கிரிக்கெட் ஸ்கோர் ஓடுது. கூடவே குப்பங்களில் அம்மோனியா சென்சாரும் சைரனும். கத்திவாக்கத்தில் 365 நாளும் அளக்கும் நிலையம். இந்த மூணும் வந்துட்டா எனக்கு சாட்டிலைட் படம் பத்தி த்ரெட் எழுதும் வேலையே இல்லை.

அதுவரை நீங்க செய்ய வேண்டியது.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தடுப்பு இன்ஹேலரை "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்தாதீங்க. நல்லா இருப்பதே அதனாலதான். இன்ஹேலர் பழக்கமாகிடும் என்பது கட்டுக்கதை.

துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. என்-95 கூட துகளைத்தான் பிடிக்கும். கண் எரிஞ்சு, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகுங்க. ஈரத்துணியை மூக்கில் வச்சுக்கலாம். அம்மோனியா பட்ட கண்ணை 15 நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, நேரம், என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து, யாருக்கு இருமல். வாரியத்திலோ நீதிமன்றத்திலோ "அடிக்கடி நாறுது சார்" என்பதைவிட "நவம்பர் 14, அதிகாலை 3:40, வடக்குக் காற்று" என்பதற்குத்தான் எடை. வயசான சாட்டிலைட் 20 வருடமா செய்வதும் அதைத்தான்: தேதி, நேரம், அளவு.

காலேஜ் பசங்களே, ஓமி, ட்ரோபோமி ரெண்டின் பதிவும் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வட சென்னைக்கு மட்டும் 2005-லிருந்து வருடா வருடம் சராசரி போட்டு யாராவது தமிழில் வெளியிட்டால் நானே பிரிண்ட் எடுத்து கிளினிக் சுவரில் ஒட்டுகிறேன். ராயபுரம், மணலி நிலையங்களின் எண்களையும் பக்கத்தில் வச்சுப் போடுங்க, அப்போதான் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒத்துப்போகுதா என்று தெரியும்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. ராத்திரி ஓ.பி. முடிஞ்சு வந்து பதில் போடுறேன். ரிப்போர்ட் போட்டோ மட்டும் பொதுவெளியில் போடாதீங்க, அதில் உங்க பெயரும் வயசும் இருக்கும்.